உழைத்தவன் கையில் காகிதம் இல்லை, அனுபவக் கடிதத்தை விலைக்கு வாங்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் பிரித்து வைக்கிறேன். உங்கள் தம்பி மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு கொன்ட்ராக்டரிடம் ஐந்து வருடம் டிராக்டர் ஓட்டியிருக்கிறார், வண்டிகளையும் அவரே பழுது பார்த்திருக்கிறார். சம்பளம் கையில் ரொக்கம். கூலிமில் ஒரு தொழிற்சாலை மெயின்டனன்ஸ் டெக்னிஷியன் வேலைக்கு 3 வருட அனுபவக் கடிதம் கேட்டபோது அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. அதே லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பையன் ஒருவன் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கடிதம் வாங்கிக்கொண்டு அந்த வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். "தம்பியும் வாங்கட்டுமா, இது என்ன நியாயம்?" என்று கேட்கிறீர்கள். வாங்கலாமா என்பதற்குப் பதில், வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. உண்மையாக உழைத்தவன், கையில் காகிதம் இல்லாமல் தன் உழைப்பை எப்படி மெய்ப்பிப்பது? தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால் அதற்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதைப் பொது விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் வழக்கறிஞன் அல்ல.

விலைக்கு வாங்கிய கடிதம் எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதை முதலில் பாருங்கள். ஆள் எடுப்பவர் கேட்கும் முதல் காகிதம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை. அதன் ஐ-அக்காவுன் செயலியில் எந்த மாதத்துக்கு எவ்வளவு சந்தா வந்தது என்பது வரிசையாக நிற்கும். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஆகவே 1,500 வெள்ளி சம்பளம் என்றால் 165-ம் 195-ம் சேர்ந்து 360 வெள்ளி. இப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700-க்கு 408 வெள்ளி. கடிதத்தில் 2,800 வெள்ளி சம்பளம் என்று போட்டு, அறிக்கையில் மாதம் 360 நின்றால், இரண்டில் ஒன்று பொய். அறிக்கையைப் படிப்பவர்களும் தவறு செய்வதுண்டு. கோவிட் காலத்தில் ஊழியர் பங்கு குறைக்கப்பட்டிருந்தது: 2020 ஏப்ரலிலிருந்து அந்த ஆண்டு முடிய 7 விழுக்காடு, 2021 ஜனவரியிலிருந்து 2022 ஜூன் வரை 9 விழுக்காடு. இதை மறந்துவிட்டு 'கணக்கு உதைக்கிறது' என்று நல்ல ஆளைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாது.

அடுத்தது கம்பெனியின் பதிவு எண். 2019 அக்டோபர் முதல் கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். கொடுக்கும் எண் 12 இலக்கம், அதன் முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. எண் 2022 என்று தொடங்கும் கம்பெனி '2018 முதல் எங்களிடம் வேலை செய்தார்' என்று எழுதியிருந்தால் விளக்கம் கேட்பார்கள். (என்டர்பிரைஸ் என்ற சிறு வணிகமாக இருந்து பிறகு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆன கம்பெனிக்கு இது நேர்மையாகவே நடக்கலாம். பழைய எண்ணைக் காட்டினால் தீர்ந்தது.) மூன்றாவது தொலைபேசி. கடிதத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு அனுபவமுள்ளவர் அழைக்க மாட்டார், கம்பெனியின் எண்ணைத் தானே தேடி எடுப்பார். "இவர் அங்கே வேலை செய்தாரா?" என்று கேட்டால் எவரும் 'ஆமாம்' சொல்லிவிடலாம். "இவருக்கு யார் சூப்பர்வைசர், எந்த மெஷினைப் பார்த்துக்கொண்டார்?" என்று கேட்டால் கடிதம் விற்றவர் திணறுவார்.

இத்தனையும் எல்லாத் தொழிற்சாலையிலும் நடப்பதில்லை. ஆள் அவசரமாகத் தேவைப்படும் இடத்தில் கடிதத்தின் நகலைக் கோப்பில் சொருகிவிட்டு மறுநாளே ஷிப்டில் போடுகிறார்கள். அதனால் உங்கள் லயத்துப் பையன் பிடிபடாமலே போகலாம். ஆனால் வேலை விண்ணப்பப் பாரத்தின் அடியில், கொடுத்த விவரம் பொய் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அதில் அவன் கையெழுத்துப் போட்டிருப்பான். பதவி உயர்வின்போதோ, கம்பெனி கைமாறும்போதோ, ஒரு விபத்துக்குப் பிறகோ அந்தக் கோப்பைத் திறப்பார்கள். அப்போது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி உள்விசாரணை வைப்பார்கள். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை, பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம் என்பது உண்மைதான், ஆனால் வேலைக்குச் சேரப் பொய் ஆவணம் கொடுத்ததை அங்கே பொதுவாகக் கடுமையான ஒழுங்கீனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். குற்றவியல் சட்டத்தில் பொய் ஆவணம் தயாரிப்பதற்கு 465-ஆவது பிரிவு, ஏமாற்றுவதற்காகத் தயாரித்தால் 468, தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கு 471. கடைசிப் பிரிவு வாங்கியவரையும் தயாரித்தவருக்குச் சமமாக நிறுத்துகிறது. இவையெல்லாம் சட்டத்தில் உறுதியாக இருக்கின்றன. நடைமுறையில் கம்பெனிகள் பெரும்பாலும் போலீசுக்குப் போவதில்லை, ஆளை நீக்குவதோடு விட்டுவிடுகின்றன. அந்த நடைமுறையை நம்பி இறங்குவது தவறு.

எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மூன்று வருட அனுபவம் என்று காகிதம் சொன்னால், புது ஆளை இரவு ஷிப்டில் தனியாக விட்டுவிடுவார்கள். தொழிற்சாலை மோட்டார்கள் மும்முனை மின்சாரத்தில், 400 வோல்ட் அளவில் ஓடுகின்றன. மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் சில நிமிடங்களுக்கு ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நிற்கும். சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, பெயர்ச்சீட்டுத் தொங்கவிட்டு, இன்வெர்ட்டர் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை ஒருவரும் சொல்லித் தராமலே 'தெரிந்தவன்' என்று உள்ளே போகிறவனுக்குத்தான் முதல் ஆபத்து. அவனை நம்பிப் பக்கத்தில் நிற்பவனுக்கு அடுத்தது. சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்), பாய்லர் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்குச் சட்டப்படியான தகுதிச் சான்றிதழ் வேண்டும், அங்கே எந்த அனுபவக் கடிதமும் செல்லாது.

இனி உங்கள் தம்பி செய்ய வேண்டியது. முதலில் ஐ-அக்காவுனைத் திறந்து பாருங்கள். 'கொன்ட்ராக்டர் ஒன்றும் கட்டவில்லை' என்று நினைத்துக்கொண்டே இருப்பார்கள், சில வருடம் கட்டியிருப்பார். அப்படிக் கட்டியிருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பதிவும் அதேபோலத்தான். ஒன்றுமே இல்லையென்றால், கட்ட வேண்டிய கடமை கொன்ட்ராக்டருக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 'நீ என் தொழிலாளி இல்லை, லோட் கணக்கில் காசு வாங்கினாய்' என்பது வழக்கமான பதில். குலையை டன் கணக்கிலோ வண்டியை லோட் கணக்கிலோ பேசிக் கொடுத்தாலும் ஒருவர் தொழிலாளியாக இருக்க முடியும். வேலைச் சட்டத்தில் 2023 முதல் நடப்புக்கு வந்த 101சி பிரிவின்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை செய்யும் முறையையோ நேரத்தையோ எதிர்த் தரப்பு கட்டுப்படுத்தியிருந்தால், கருவியும் பொருளும் அவர்களே கொடுத்திருந்தால், இன்னும் இதுபோன்ற சில அடையாளங்கள் இருந்தால், எதிராக நிரூபிக்கும்வரை அவர் தொழிலாளி என்றே கொள்ளப்படுவார். கொன்ட்ராக்டரின் டிராக்டர், கொன்ட்ராக்டரின் டீசல், காலையில் எந்தப் பிளாக்குக்குப் போக வேண்டும் என்று சொன்னது அவருடைய மண்டோர் (மேற்பார்வையாளர்) என்றால் தம்பியின் பக்கம் வலுவானது. தம்பி சொந்த டிராக்டர் வைத்து, பல தோட்டங்களுக்கு ஓடியிருந்தால் நிலைமை சந்தேகம்தான்.

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் 1991-ஆம் ஆண்டு இபிஎஃப் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் சிறிய ஊரில் கொன்ட்ராக்டர் என்பவர் கோயில் கமிட்டியில் இருப்பார், சொந்தக்காரராகவும் இருப்பார். அதனால் முதலில் நேரில் போய், பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, 'ஒரு கடிதம் கொடுங்கள், விட்டுப்போன சந்தாவையும் கட்டிவிடுங்கள்' என்று கேட்கச் சொல்கிறேன். மறுத்தால் புகாருக்குப் போகலாம். கடிதம் கிடைத்தால் புகாரை விட்டுவிடுவதா என்பது தம்பியின் முடிவு, என் கருத்தில் சந்தா அவர் உழைத்த காசு, அதை விட வேண்டியதில்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: முழுப் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும், முழுநேரமா பகுதிநேரமா, செய்த வேலை, பார்த்த வண்டிகளின் மாதிரி, கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி, கம்பெனியின் எஸ்.எஸ்.எம். எண், தேதி. வேலையின் பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'டிராக்டர் ஓட்டுநர், சிறு பழுதும் பார்த்தார்' என்பதை 'சீனியர் மெயின்டனன்ஸ் டெக்னிஷியன்' என்று போடச் சொல்லாதீர்கள். உண்மையான ஐந்து வருடம் அந்த ஒரு வார்த்தையால் பொய்யாகிவிடும். 'ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றுவார், ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றி மாட்டுவார், வீல் பேரிங் மாற்றுவார், 250 மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றும் பொறுப்பு அவருடையது' என்று எழுதச் சொல்லுங்கள், அவர் செய்தது எதுவோ அதை. படித்த உடனே இன்ஜினியருக்கு ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கொன்ட்ராக்டர் கடிதமே தரவில்லை என்றால் தோட்ட ஆபீசுக்குப் போங்கள். தொழிலாளர் பதிவேட்டை ஆறு வருடத்துக்குக் குறையாமல் பார்வைக்கு வைத்திருக்க வேண்டியது சட்டப்படி முதலாளியின், அதாவது கொன்ட்ராக்டரின் பொறுப்பு. ஆனால் தோட்டத்திலும் தடயம் இருக்கலாம். செம்பனைத் தோட்டங்களுக்கான எம்.எஸ்.பி.ஓ. தரச் சான்றிதழ் 2020-இல் கட்டாயமான பிறகு, பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியல், கொன்ட்ராக்டர் ஒப்பந்தம் போன்றவற்றைத் தோட்டங்கள் கோப்பில் வைக்கின்றன. பயிற்சிப் பட்டியலில் தம்பியின் கையெழுத்து இருந்தால் கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) கேட்டு, மேனேஜரின் ஒப்புதலோடு 'இந்தக் காலத்தில் இந்தக் கொன்ட்ராக்டரின் ஆளாகத் தோட்டத்தில் வேலை செய்தார்' என்று இரண்டு வரி வாங்கலாம். அதோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில், வாட்சப்பில் வந்த வேலை உத்தரவு, கையில் வாங்கிய சம்பளத்தை வங்கியில் போட்டிருந்தால் அந்தப் பக்கங்கள், தேதியோடு கூடிய படங்கள். கடைசியாக, 1960-ஆம் ஆண்டு சட்டப்படி சத்தியப் பிரமாணக் கடிதம் ஒன்றை பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் செய்துகொள்ளலாம். அது தம்பியின் சொல் மட்டும்தான், மற்ற காகிதங்களோடு சேர்ந்தால் பலம், தனியாக நின்றால் அதிகம் எடுபடாது. அதில் பொய் சொன்னால் அதுவே குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதைவிட நீண்ட நாளைக்குப் பயன்படும் வழி ஒன்று இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாமலே போவதுதான் வருத்தம். திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே கற்றவர்களுக்கு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கிறது. அந்த முறைக்குப் பி.பி.டி. என்று பெயர், மலாயில் பெங்கிக்திராஃபான் பெஞ்சாப்பாயான் தெர்டாஹுலு. படித்து வாங்கும் எஸ்.கே.எம். எதுவோ அதே சான்றிதழ்தான் இதுவும். முதலில் ஜே.பி.கே.யின் மைஸ்பைக் இணையத் தளத்தில் தொழில் தரப் பட்டியலைப் பார்த்து, தம்பி செய்த வேலைக்கு மிக அருகில் உள்ள துறையையும் நிலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தரத்தில் கேட்கும் ஒவ்வொரு திறனுக்கும் நேராக, தான் அதைச் செய்ததற்கான ஆதாரத்தை வைத்துக் கோப்புத் தயாரிக்க வேண்டும். பிறகு நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் கோப்பைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டவும் சொல்லலாம். இங்கே தவறுவது பெரும்பாலும் நான்கு காரணத்தால். ஆசைப்பட்டு உயர்ந்த நிலைக்கு விண்ணப்பிப்பது, பழுது முடிந்த வண்டியை மட்டும் படமெடுத்து, வேலை செய்யும் ஆள் படத்தில் இல்லாமல் போவது, மேலாளர் கையெழுத்தும் தேதியும் இல்லாதது, கோப்பை ஏஜெண்டிடம் கொடுத்து எழுதி வாங்கிவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்டால் விழிப்பது. 'மதிப்பீடே வேண்டாம், சான்றிதழ் கைக்கு வரும்' என்று ஒருவர் சொன்னால் அது 300 வெள்ளிக் கடிதத்தின் அண்ணன், தள்ளி நில்லுங்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது தெரிந்ததையும் தெரியாததையும் தம்பி தானே பிரித்துச் சொல்லட்டும். டிராக்டரில் கற்ற ஹைட்ராலிக், பேரிங், பெல்ட், கிரீஸ் அடிக்கும் ஒழுங்கு, சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது, இவை அப்படியே தொழிற்சாலைக்குப் பயன்படும். மும்முனை மோட்டார் வயரிங், காற்றழுத்த சிலிண்டர், மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. அவருக்குப் புதிதாக இருக்கும். "மெக்கானிக்கல் பக்கம் என்னை இப்போதே சோதித்துப் பாருங்கள், எலக்ட்ரிக்கல் பக்கம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லும் ஆளை நல்ல இன்ஜினியர் விடமாட்டார். கூலிமில் அட்டெக் என்ற அரசுத் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சி என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். அதுவரை ஜூனியர் டெக்னிஷியன், மெஷின் ஆபரேட்டர் வேலைகளுக்கும் விண்ணப்பிப்பதில் குறைவு இல்லை.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பகுதியை ஆள் எடுப்பவர்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. 'குறைந்தது 3 வருடம்' என்ற வரிதான் கடித வியாபாரத்துக்குச் சோறு போடுகிறது. வருடக் கணக்கு எவ்வளவு பலவீனமான அளவுகோல் என்பது புதிய செய்தி இல்லை. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, அனுபவ வருடத்துக்கும் பிறகு வேலையில் காட்டும் திறனுக்கும் இருந்த தொடர்பு 0.18 மட்டுமே, முழுப் பொருத்தம் என்றால் 1. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு 0.51, வேலையைச் செய்து காட்டும் சோதனைக்கு 0.54. 2022-இல் சாக்கெட் குழுவினர் மறுகணக்குப் போட்டபோது இவை முறையே 0.42, 0.33 என்று இறங்கின, வருடக் கணக்கு இன்னும் கீழே போனது. பெரும்பாலும் அமெரிக்கத் தரவு என்பதால் எண்களைப் பிடித்துக்கொள்ளாமல் வரிசையை மட்டும் பாருங்கள், வருடம் கடைசியில்தான் நிற்கிறது.

நாற்பது நிமிடச் சோதனை ஒன்று போதும். 24 வோல்ட் கட்டுப்பாட்டு வயரிங் கொண்ட பயிற்சிப் பலகையில் ஒரு கோளாறை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஓவர்லோட் ரிலேயில் ஒரு வயரைத் தளர்த்திவிட்டாலே போதும். 6205 பேரிங் ஒன்றைக் கழற்றி, வெர்னியரால் அளந்து எழுதச் சொல்லுங்கள். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் வர வேண்டும். முடிவில் செய்ததை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள், எந்த மொழியாக இருந்தாலும் சரி. மதிப்பெண் தாளைச் சோதனைக்கு முன்பே தயாரித்து, இருவர் தனித்தனியாகப் போட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். மின்சாரத்தை அணைத்து மீட்டரால் உறுதிசெய்யாமல் கை வைத்தால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் எடுக்கக் கூடாது. பொய்க் கடிதக்காரர் இதில் பத்து நிமிடம் தாண்ட மாட்டார், தோட்டத்தில் கற்ற பையன் பேரிங்கில் ஜொலிப்பான்.

காகிதச் சரிபார்ப்பைச் சோதனைக்குப் பிறகு வையுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்கி, எல்லாரிடமும் ஒரே காகிதத்தைக் கேளுங்கள். தோட்ட முகவரியைப் பார்த்துவிட்டு அந்தப் பையனிடம் மட்டும் இபிஎஃப் அறிக்கை கேட்பது சரிபார்ப்பு ஆகாது, அது பாகுபாடு. வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க வழி செய்கிறது, ஆனால் அதன் வாசகம் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. இன்னும் வேலைக்கே சேராத விண்ணப்பதாரருக்கு அது எட்டுமா என்பது தெளிவாக இல்லை, அதனால் அதை நம்பிச் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். அறிக்கையில் சந்தா இல்லாத இடத்தைப் பொய் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு அநியாயம். கட்டாமல் விட்டவர் கொன்ட்ராக்டர், அதற்கான தண்டனையைத் தொழிலாளியே அனுபவிப்பதாக ஆகிவிடுகிறது. வெற்றிடம் தெரிந்தால் 'அந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள், வேறு என்ன காட்ட முடியும்?' என்று கேளுங்கள், பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிப் புகார் செய்வதா என்றும் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்பதால் மொட்டைக் கடிதம் எழுத வேண்டாம். லயத்தில் இரு குடும்பத்துக்கும் பகையாகும், கேள்விப்பட்டது தவறாக இருந்தால் அவன் வேலையும் வீணாகப் போகும். தம்பியை அவனிடம் பேசச் சொல்லுங்கள். மின்சாரப் பூட்டுமுறைப் பயிற்சியை இன்னும் எடுக்கவில்லை என்று அவன் சூப்பர்வைசரிடம் சொல்லி, அடுத்த வகுப்பில் தன் பெயரைப் போடச் சொல்லலாம். பழைய ஆட்களும் அந்த வகுப்புக்குத் திரும்பப் போவதுண்டு, அதனால் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுவரை மின்பெட்டியைத் தனியாகத் திறக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.